26 வயதுக்குள் பிரான்ஸில் படிக்கிறீர்களா? அருங்காட்சியக டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் கும்பகோணத்துக்காரன். பிரான்ஸின் லீல் நகரத்தில் டேட்டா சயன்ஸ் முதுகலை படிக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். வயது 25, நவம்பரில் 26 நிறைகிறது. சென்ற மாதம் பாரிஸில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தில் மாணவர் அட்டையைக் காட்டி இலவச அனுமதி கேட்டேன். வாசலில் நின்றவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முழுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போனேன். என்னோடு படிக்கும் பிரேசில் நாட்டுப் பெண் அதே இடத்துக்குக் காசே கொடுக்காமல் போய் வந்ததாகச் சொல்கிறாள். எங்கள் இருவரில் யாருக்கு விதி தெரியவில்லை? ஜூன் மாதம் முதல் வாரத்தில் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். ஆகஸ்டில் லண்டனில் படிக்கும் என் கல்லூரி நண்பன் பாரிஸ் வருவான். அவனோடு மாட்ரிட்டும் ரோமும் போவதாகத் திட்டம். யாருக்கு எங்கே இலவசம் என்று சொல்வீர்களா, மேடம்?

வாசகர், லீல்

பதில் (தருபவர், பாரிஸில் உரிமம் பெற்ற அருங்காட்சியக வழிகாட்டி):

தம்பி, விதி தெரியாதது உங்களுக்குத்தான். வாசலில் நின்றவர் மேல் தப்பில்லை. நீங்கள் காட்டிய அட்டை நீங்கள் படிக்கிறீர்கள் என்று சொல்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பது. கொடுத்த பணம் திரும்பி வராது, அதை விடுங்கள். நவம்பர் வரை இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

2009 ஏப்ரல் 4 முதல் பிரான்ஸின் தேசிய அருங்காட்சியகங்களிலும் அரசின் பராமரிப்பில் உள்ள பெரிய நினைவுச்சின்னங்களிலும் 26 வயது நிறையாதவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. 18 முதல் 25 வரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்றின் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது அங்கே முறைப்படி வசிப்பவராக இருக்க வேண்டும். உங்கள் பிரேசில் தோழி உள்ளே போனது இந்த 'அல்லது' வழியாகத்தான். நீங்களும் அதே வழியில் போகலாம். இந்த இரண்டாவது பாதி சும்மா வந்ததில்லை. 2009-ல் பேச்சு தொடங்கியபோது சலுகை ஐரோப்பிய இளைஞர்களுக்கு என்றுதான் இருந்தது. 'எஸ்.ஓ.எஸ். ராசிஸ்ம்' என்ற இனவெறி எதிர்ப்பு அமைப்பு, இங்கேயே குடியிருந்து படிக்கிற பிள்ளையைப் பாஸ்போர்ட்டைப் பார்த்து வெளியே நிறுத்துவதா என்று எதிர்த்தது. வசிப்பவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலான இந்திய மாணவர்களுக்கு இது இன்றுவரை தெரியாது. நான் குழு அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போதெல்லாம், முன்னால் நிற்கும் நம்மூர்ப் பிள்ளைகள் கார்டை எடுத்துக் கட்டணம் கட்டுவதைப் பார்த்து வயிறு எரியும்.

தொகையும் இப்போது சின்னதல்ல. லூவர் அருங்காட்சியகத்தில் 2024 தொடக்கத்தில் கட்டணம் 17 யூரோவிலிருந்து 22 ஆனது. 2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஒன்றியத்து நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும், தூரத்திலிருந்து வருபவர்கள் கூடுதலாகத் தரட்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அரேபியா, எகிப்து, ஈரான் என்று உலகம் முழுவதிலுமிருந்து வந்த பொருட்களை வைத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரர்களிடமே அதிகம் கேட்பது என்ன நியாயமோ. அது கிடக்கட்டும். உங்களுக்கு வேண்டிய செய்தி, இந்த 32 யூரோவும் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து விதிக்கப்படுவதில்லை என்பது. பிரான்ஸில் வசிப்பவருக்கு அது பொருந்தாது. இப்போது உங்களுக்கு 0. நவம்பருக்குப் பிறகும் இங்கேயே வசித்தால் 22.

அப்படியானால் என்ன காட்ட வேண்டும்? பிரான்ஸுக்கு வந்த முதல் வருடம் என்றால், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் நீண்டகால மாணவர் விசா. உங்கள் நண்பர்கள் 'வி.எல்.எஸ்.-டி.எஸ்.' என்று சொல்வது அதைத்தான். வந்து மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்திருப்பீர்கள். அப்போது கிடைத்த பி.டி.எஃப். சான்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருடம் என்றால் வேலை சுலபம்: வசிப்பு அனுமதி அட்டை ஒன்று போதும், பிறந்த தேதியும் அதிலேயே இருக்கிறது. அட்டை புதுப்பிப்பில் மாட்டிக்கொண்டிருந்தால், மனு பரிசீலனையில் இருக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் தரும் சான்றைப் பழைய அட்டையோடு சேர்த்துக் காட்டுங்கள். மாணவர் அட்டை, வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது இவற்றையெல்லாம் நம்பிப் போகாதீர்கள். சில வாசல்களில் ஏற்பார்கள், சில வாசல்களில் மாட்டார்கள். வாக்குவாதம் செய்யும் அளவுக்கு உங்கள் பிரெஞ்சு வளர்ந்திருந்தால் வேறு விஷயம். "ஜாபித் ஆ லீல்", நான் லீலில் வசிக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தாளை நீட்டுங்கள். சுற்றுலாப் பயணி என்று நினைத்துப் பேசத் தொடங்குபவர் அந்த ஒரு வாக்கியத்தில் மாறிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் மெட்ரோவில் ஏறினால் அதைச் சட்டைக்கு உள்ளே வையுங்கள். லூவருக்குப் போகும் 1-ஆம் தடத்தில் பிக்பாக்கெட் தொல்லை அதிகம். முதுகுப்பையின் வெளிப்பையில் பாஸ்போர்ட் வைத்துத் தொலைத்தால், மிச்சம் பிடித்த 32 யூரோவைப் போல எத்தனையோ மடங்கு தூதரகத்துக்கு அலைவதிலேயே போய்விடும்.

இலவசம் என்றாலும் பெரிய இடங்களுக்கு நேரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். லூவரின் இணையதளத்தில் 26 வயதுக்குக் கீழ் வசிப்பவர் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் 0 யூரோவுக்கு ஒரு டிக்கெட் வரும். சான்றுகளை வாசலில் பார்ப்பார்கள். வெர்சாய் அரண்மனைக்கும் சேன்ட் ஷப்பலுக்கும் இதே முறைதான். சேன்ட் ஷப்பலில் உள்ளே கொள்ளும் கூட்டம் குறைவு, பதிவில்லாமல் போனால் வெயிலில் காய வேண்டியதுதான். அந்தத் தேவாலயத்தின் மேல்தளத்துக் கண்ணாடி ஓவியங்கள் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மேகமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இந்த விதிக்குள் வருபவை லூவர், ஒர்சே, ஒராஞ்சரி, ரொதேன், கிமே, க்ளூனி, கே பிரான்லி, வெர்சாய், வெற்றி வளைவு, பாந்தியோன், கோன்சியர்ஜெரி, ஊரைத் தாண்டினால் மோன் சேன் மிஷேல் மடாலயம். பொம்பிதூ மையமும் இதில் வரும், ஆனால் அதன் கட்டடம் சீரமைப்புக்காக 2025-ல் மூடப்பட்டுவிட்டது. 2030-ல்தான் திறப்பதாகத் திட்டம். வெளியே நிற்பவற்றில் முதலாவது ஈபிள் கோபுரம். அங்கே உங்கள் வயதுக்குச் சலுகையே கிடையாது, இளையோர் கட்டணம் 24 வயதோடு முடிகிறது. ஜாக்மார்-ஆந்திரே, லூயி வித்தோன் அறக்கட்டளை போன்ற தனியார் இடங்கள் தங்கள் இஷ்டத்துக்குக் கட்டணம் வைக்கும். வெர்சாயில் அரண்மனை இலவசம் என்று நம்பிப் போனவர்கள் தோட்ட வாசலில் முகம் சுருங்குவதும் உண்டு: இசையோடு நீரூற்றுகள் ஓடும் நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட். இன்னொன்று, பூட்டியிருக்கும் கிழமைகள். லூவர், கிமே, ஒராஞ்சரி செவ்வாய் விடுமுறை. ஒர்சே, ரொதேன், வெர்சாய் திங்கள் விடுமுறை. லீலிலிருந்து ரயில் ஏறுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையில் செலவு அந்த ரயில்தான். அதிவேக ரயிலில் பாரிஸ் ஒரு மணி நேரம். 27 வயது வரை எடுக்கக்கூடிய 'அவான்டாஜ்' இளையோர் அட்டை இருந்தால் 30 சதவீதம் குறையும்; இன்னும் வாங்கவில்லை என்றால் இன்றே வாங்குங்கள்.

பாரிஸ் போகாமலே ஒரு நல்ல இடம் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. லீலிலிருந்து உள்ளூர் ரயிலில் லான்ஸ். மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் 2012 டிசம்பரில் லூவரின் கிளை ஒன்றைத் திறந்தார்கள். கண்ணாடியும் அலுமினியமுமாக, சானா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வடிவமைப்பு. உள்ளே 'காலக் கூடம்' என்று 120 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பே இல்லாத ஒரே அறை. லூவரிலிருந்து வந்த பொருட்கள் நாடு வாரியாகப் பிரிக்கப்படாமல் கால வரிசையில் நிற்கின்றன. எகிப்தும் கிரேக்கமும் மெசபடோமியாவும் ஒரே நூற்றாண்டில் என்ன செய்துகொண்டிருந்தன என்று ஒரு திருப்பத்தில் பார்த்துவிடலாம். அந்தக் கூடம் எல்லோருக்கும் இலவசம்: வயது, பாஸ்போர்ட், வசிப்பு எதுவும் கேட்க மாட்டார்கள். லூவருக்கு முதல்முறை போவதற்கு முன் இங்கே போய்வந்தால், பாரிஸ் லூவரின் நீண்ட நடைகளில் வழி தெரியாமல் திணற மாட்டீர்கள். வெளியே வந்தால் சுரங்கக் கழிவு மலைகள் கறுப்பாகத் தெரியும். அவற்றையும் பாருங்கள்.

இலவசம் கிடைத்தவர்கள் செய்யும் பெரிய வீண்வேலை ஒன்று உண்டு. கட்டணம் கட்டியவர் போலவே நடந்துகொள்வது. காலை 9 மணிக்கு லூவருக்குள் நுழைந்து, மாலை வரை எல்லா அறையையும் மிதித்து, மோனலிசா முன்னால் கூட்டத்தில் கையைத் தூக்கிப் படம் எடுத்து, கால் வீங்கி வெளியே வந்து, இனி அருங்காட்சியகம் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்று சபதம் செய்வது. 32 யூரோ கட்டிய குடும்பத்துக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். புதன், வெள்ளிகளில் லூவர் இரவு 9 வரை திறந்திருக்கிறது. ஏழு மணிக்கு மேல் போய், மெசபடோமியப் பகுதியில் கோர்சாபாத் அரண்மனையின் சிறகு முளைத்த காளைகளை மட்டும் பார்த்துவிட்டுக் கடைசி ரயிலைப் பிடியுங்கள். அடுத்த முறை வேறொரு மூலை. வியாழக்கிழமைகளில் ஒர்சேவும் இரவு 9.45 வரை உண்டு, அங்கே கடைசி ஒன்றரை மணி நேரத்தில் வான்கோவின் படங்களுக்கு முன்னால் நிதானமாக நிற்கலாம்.

கும்பகோணத்துக்காரர் என்பதால் கிமேயை முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஈயேனா மெட்ரோ நிலையத்திலிருந்து படியேறி வெளியே வந்தால் எதிரிலேயே இருக்கிறது. லியோன் நகரத்துத் தொழிலதிபர் எமில் கிமே சேர்த்த ஆசியச் சேகரிப்பு, 1889-ல் பாரிஸில் திறக்கப்பட்டது. பெரும்பாலோர் கம்போடியச் சிற்பங்களைப் பார்த்து வாய்பிளந்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இந்தியப் பகுதிக்குப் போங்கள். 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்து நடராசர் செம்பு வார்ப்பு ஒன்று இருக்கிறது. ஊரில் சந்தனமும் மாலையும் சாத்தி, திரை விலகும் நேரத்தில் எட்டிப் பார்த்த திருமேனியை இங்கே சுற்றிவந்து பார்க்கலாம். முதுகுப் பக்கம் சடை விரிந்திருப்பதும், தூக்கிய காலின் கீழ்ப்பாதமும், முயலகன் முகமும் கைக்கெட்டும் தூரத்தில். கோயிலில் கிடைக்காத பார்வை இது. கோயிலில் கிடைப்பது இங்கே கிடைக்காது என்பதும் உண்மைதான். என் குழுவில் வரும் புதுச்சேரி மாமிகள் சிலர் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நடுவே கைகூப்புவார்கள், சிலர் பூ இல்லாத சாமியைப் பார்க்க மாட்டேன் என்று நகர்ந்துவிடுவார்கள்.

அங்கிருந்து ரொதேன் அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். சிற்பி ரொதேன் இந்தியா வந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள நடராசரின் புகைப்படங்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து 1913-ல் அந்த வடிவத்தைப் பற்றி எழுதினார். அவர் 1917-ல் இறந்த பிறகு, 1921-ல் அது அச்சில் வந்தது. கிமேயில் நடராசரைப் பார்த்த அதே நாளில் ரொதேனின் நடக்கும் மனிதனையும், தலையும் கையும் இல்லாத உடல்களையும் பாருங்கள். எது அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கும் என்று உங்களுக்கே ஒரு யோசனை வரும். இரண்டுக்கும் உங்களுக்குக் கட்டணம் இல்லை. ஒன்று செவ்வாய், இன்னொன்று திங்கள் மூடல் என்பதால் மற்ற நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டுப் பயணத்துக்கு வருவோம். எல்லை தாண்டினால் விதி மாறுகிறது, பிரான்ஸை வைத்து மற்ற நாட்டை எடைபோடாதீர்கள். மாட்ரிட்டின் பிராடோவில் 18 முதல் 25 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இலவசம்; அங்கே நீங்கள் எந்த நாட்டவர், எங்கே வசிக்கிறீர்கள் என்ற கேள்வி இல்லை. பாரிஸில் பயன்படாத அந்த மாணவர் அட்டை அங்கேதான் வேலை செய்யும், இந்தக் கல்வியாண்டுக்குச் செல்லுபடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் லண்டன் நண்பனும் 25 தாண்டவில்லை என்றால் உள்ளே போகலாம். தாண்டியிருந்தாலும் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8 வரை, ஞாயிறு 5 முதல் 7 வரை எல்லோருக்கும் இலவசம். வரிசை நீளமாக இருக்கும், வேகமாகவும் நகரும்.

இத்தாலியில் கதை நேர்மாறு. அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வரை 2 யூரோ என்று பலகையைப் பார்ப்பீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்கு. லீலில் வசிக்கிறேன் என்று சொல்லி அங்கே பயனில்லை. கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு, பண்பாட்டுச் சின்னங்களின் பாதுகாப்பு போன்றவற்றை ஒன்றியத்தின் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு இலவசம் உண்டு. டேட்டா சயன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு உள்ள ஒரே வழி மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று கொலோசியம் உட்பட அரசு இடங்கள் எல்லோருக்கும் இலவசம். ஆகவே மாட்ரிட்டை முன்னோ பின்னோ தள்ளி, ஆகஸ்டு முதல் ஞாயிறன்று ரோமில் இருக்கும்படி பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். வத்திக்கான் இத்தாலி அரசின் கீழ் வராது. அங்கே மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம், 25 வயது வரை மாணவர் அட்டைக்குக் கட்டணக் குறைப்பும் உண்டு. கடைசி ஞாயிறு கூட்டத்தில் சிஸ்டைன் ஆலயத்தில் கழுத்தை நிமிர்த்தவும் இடமிருக்காது. என்னைக் கேட்டால் குறைந்த கட்டணம் கட்டி வேறு நாளில் போங்கள்.

நண்பன் பாரிஸ் வரும்போது கொஞ்சம் வருத்தப்படுவான். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டுப் போய்விட்டது. லண்டனில் வசிப்பது இங்கே கணக்கில் வராது. இந்தியப் பாஸ்போர்ட்டும் உதவாது. சுவிட்சர்லாந்தும் அப்படியே: நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் லூவர் அவற்றில் வசிப்பவர்களை ஏற்கிறது, சுவிஸ் அதில் இல்லை. சூரிச்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கத்து உறவினர் வீடுகளுக்கு வரும் ஈழத்துப் பிள்ளைகள் இதில்தான் அதிகம் இடறுகிறார்கள். உங்கள் நண்பனுக்கு ஆறுதல், அவன் ஊரில் பிரிட்டிஷ் மியூசியமும் நேஷனல் கேலரியும் உலகத்தில் யார் வந்தாலும் இலவசம். இங்கே அவனைப் பாரிஸ் நகராட்சியின் அருங்காட்சியகங்களுக்கு அழைத்துப் போங்கள்: நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, பெத்தி பாலே, நவீன ஓவியங்களுக்கு நகராட்சியின் நவீனக் கலைக்கூடம், விக்டர் ஹ்யூகோ வாழ்ந்த வீடு. இவற்றின் நிரந்தரச் சேகரிப்பு 2001 முதல் எல்லோருக்கும் இலவசம். பெத்தி பாலேயின் உள்முற்றத்துத் தோட்டத்தில் ஒரு காப்பியோடு உட்கார்ந்தால் அவனுக்கு லூவர் நினைவே வராது. பாதாள எலும்புக் கிடங்கான கட்டகோம்பும் நகராட்சியுடையதுதான், ஆனால் அதற்குக் காசு உண்டு.

கடைசியாக அம்மா, அப்பா. இருவரும் சுற்றுலா விசாவில் வருவதால் லூவரில் ஆளுக்கு 32 யூரோ. ஆனால் ஜூன் முதல் வாரம் வருகிறார்கள் என்கிறீர்கள், அது நல்ல காலம்: மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் லூவர் எல்லோருக்கும் இலவசம், ஜூலையும் ஆகஸ்டும் தவிர. அந்த நேரத்துக்கான பதிவு திறந்தவுடன் மூன்று பேருக்கும் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். அதே வார ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் ஒர்சே, ஒராஞ்சரி, கிமே மூன்றும் அவர்களுக்கும் இலவசம். முதல் இரண்டுக்கும் பதிவு கட்டாயம், கிமேக்கு நேராகப் போகலாம். வயதானவர்களுக்கு முட்டிவலி இருந்தால் லூவரின் பிரமிடு வாசலில் மின்தூக்கி உண்டு, உள்ளே சக்கர நாற்காலியும் இரவல் தருகிறார்கள். உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டை அல்ல, வேறு அட்டையைக் கொடுங்கள்.